மேட்டு நிலத்தில் ஒரு கோரமண்டல்

பெங்களூரிலிருந்து மாரிகுப்பம் போகும் பாசஞ்சர் ரயிலில் ஊர் பார்க்க வந்தவர் என்று சொல்லத்தக்க ஆள் அபூர்வம். விடிகாலையில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி வீடு திரும்புகிறவர்களின் வண்டி அது. 2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கத்தை மூடிய பிறகு கோலார் தங்க வயலின் பிழைப்பு அந்தத் தண்டவாளத்தின் மேல்தான் ஓடுகிறது. தோள்பையும் கொஞ்சம் சில்லறையுமாகத் தனியே கிளம்புகிற இளைஞர்கள் ஹம்பிக்கும் கோகர்ணத்துக்கும் போவார்கள். இந்தப் பக்கம் யாரும் வருவதில்லை. 2018-ல் ‘கே.ஜி.எஃப்’ என்றே ஒரு படம் வந்து ஓடியது. அதைப் பார்த்துவிட்டு வருகிற ஒன்றிரண்டு பேரும் சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மலையடியில் படம் பிடித்துக்கொண்டு மாலைக்குள் திரும்பிவிடுகிறார்கள்.

நான் சொல்லும் யோசனை வேறு. பங்காரப்பேட்டையில் பிரிகிற கிளைப்பாதை 1894-ல் போட்டது, பத்து மைல் நீளம். அதன் ஸ்டேஷன் பெயர்களையும் அக்கம்பக்கத்து ஊர்ப் பெயர்களையும் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு போனால் டிக்கெட் காசுக்கு மேலேயே கிடைத்துவிடும்.

பங்காரப்பேட்டையே ஒரு காலத்தில் பௌரிங்பேட்டை. 1862 முதல் 1870 வரை மைசூர் கமிஷனராக இருந்த லெவின் பௌரிங்கின் பெயர். பக்கத்தில் பொன் விளைந்ததால் ‘பங்கார’ என்ற கன்னடச் சொல் அவரை ஓரங்கட்டிவிட்டது. ராபர்ட்சன்பேட்டை, மைசூரில் ரெசிடெண்டாக இருந்த டொனால்ட் ராபர்ட்சனின் பேட்டை. சாம்பியன் என்பது சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் சுருக்கம். தங்கப் படிவத்துக்குக் கம்பெனிக்காரர்கள் சூட்டிய ஆடம்பரப் பெயர். கடைசி ஸ்டேஷனான மாரிகுப்பம் இவற்றுக்கெல்லாம் மூத்தது. 1802-ல் ஜான் வாரன் என்ற லெப்டினன்ட் மைசூரின் கிழக்கு எல்லையை அளக்க வந்தபோதே மாரிகுப்பத்தார் மண்ணை அரித்துப் பொன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். குப்பம் என்றதும் கடலோரத்துக்காரருக்கு மீனும் வலையும்தான் நினைவுக்கு வரும். இந்த எல்லைப்புறத்தில் அது வெறும் சிற்றூர். சுரங்க வேலைக்கு வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் தமிழர் திரளாக வருவதற்கு முன்பே இப்படி ஒரு பெயர் இங்கே இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பெயர்களெல்லாம் தங்கள் கதையைத் தாங்களே சொல்லிவிடுகின்றன. ஒன்றுதான் இடறுகிறது: கோரமண்டல்.

கோரமண்டல் கடற்கரையின் பெயர். தங்க வயலோ கடல் மட்டத்துக்கு 800 மீட்டருக்கு மேலே, கடலைவிட்டு 200 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளி இருக்கிறது. அலைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

சொல்லின் பிறப்பைப் பற்றிப் பலர் பலவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். பழவேற்காட்டுப் பக்கத்துக் கரிமணல் என்பார் ஒருவர், கரைமண்டலம் என்பார் இன்னொருவர், குருமண்டலம் என்பார் வேறொருவர். மூன்றும் ஓசையை மட்டும் நம்பிய ஊகங்கள். சோழமண்டலம் என்பதற்குத்தான் ஏட்டுச் சான்று உண்டு. லுடோவிகோ டி வர்த்தேமா என்ற இத்தாலியர், கையில் அரசாணையோ கம்பெனியின் பணமோ இல்லாமல் கிளம்பி, டமாஸ்கஸில் மம்லூக் படையாள் வேஷம் போட்டு, பிறகு ஒரு பாரசீக வணிகரோடு ஒட்டிக்கொண்டு நம் கரைவரை வந்து சேர்ந்தார். 1510-ல் ரோமில் அச்சான அவருடைய பயண நூலில் இந்தப் பெயர் இத்தாலிய எழுத்தில் ஏறக்குறைய ‘சோரமண்டெல்’ என்று வாசிக்கும்படி இருக்கிறது. ஆக, முதலெழுத்து அப்போது சகரம்தான். போர்த்துக்கீசியரும் அப்படியே எழுதினார்கள். பின்னால் வந்த டச்சுக்காரர், ஆங்கிலேயர் வாயில் அது ககரம் ஆயிற்று.

ழகரம் ரகரமானது இதைவிடப் பழைய கதை. 2-ம் நூற்றாண்டில் தாலமி எழுதிய நூலிலேயே சோழர் ‘சோர’ என்ற உருவில்தான் வருகிறார்கள். அசோகன் கல்வெட்டில் அவர்கள் ‘சோடா’. ழகரம் எந்த அயலார் நாக்கிலும் அப்படியே நின்றதில்லை. நம்மவர் பலர் நாக்கிலும்தான்.

இப்படி உருமாறிய பெயரைத் தங்க வயலுக்குக் கொண்டுவந்தவை லண்டனில் பங்கு விற்ற கம்பெனிகள். 1880-ல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் உள்ளே வந்து, மைசூர்ச் சுரங்கத்தில் பொன் கொட்டத் தொடங்கியதும், அக்கம்பக்கத்து நிலத்தைத் துண்டுபோட்டு ஆளுக்கொரு கம்பெனி தொடங்கினார்கள். எல்லாவற்றுக்கும் பெயர் வேண்டும். நந்திமலை தொலைவில் இருந்தாலும் ஒன்று நந்திதுர்க் ஆனது. இன்னொன்று பாலகாட். அந்த வரிசையில் வந்தது கோரமண்டல் கம்பெனி. இந்திய வரைபடத்தில் கம்பீரமாகத் தெரிகிற பெயராக இருந்தால் பங்கு விலைபோகும் என்பதைத் தவிர இதில் வேறு கணக்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சுரங்கத்தின் பெயர் குடியிருப்புக்கு ஒட்டியது, குடியிருப்பின் பெயர் ஸ்டேஷனுக்கு ஒட்டியது.

ஆனால் அந்தப் பங்குப் பத்திரம் அச்சாவதற்குச் சுமார் 900 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மண்ணுக்குச் சோழமண்டலம் என்ற பெயர் ஒருமுறை வந்திருக்கிறது. முதலாம் ராஜராஜனின் படைகள் கங்கபாடியையும் நுளம்பபாடியையும் வென்ற பிறகு நாடுகளுக்குப் புதுப்பெயர் சூட்டினார்கள். கோலார்ப் பகுதிச் சோழர் கல்வெட்டுகள் இந்த இடத்தை நிகரிலிச் சோழமண்டலத்துக் குவளால நாடு என்று குறிக்கின்றன. குவளாலம்தான் இன்றைய கோலார். கங்கர்களின் பழைய தலைநகர் அது. நன்னூலை எழுதச் செய்த சீயகங்கனும் அந்தக் கங்கர் மரபில் வந்தவன் என்பதால் தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இது முழுக்க அயலூர் அல்ல. முதலில் படையோடு வந்த பெயர், சோழர் போனதும் கல்லில் மட்டும் தங்கிவிட்டது. பிறகு போர்த்துகலையும் ஆலந்தையும் சுற்றிக்கொண்டு, ககரமும் ரகரமுமாக முகம் மாறி, லண்டன் வழியாகத் திரும்பி வந்தது. இரண்டாவது தடவை வந்ததை யாரும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

இந்தப் பெயர் இன்னும் தூரம் போயிருக்கிறது. 1820-ல் மரம் வெட்ட நியூசிலாந்துக்குப் போன ஆங்கிலேயக் கடற்படைக் கப்பல் ஒன்றின் பெயர் கோரமண்டல். வேடிக்கை என்னவென்றால், அதே கப்பலுக்கு முந்திய பெயர் மலபார். அது நங்கூரமிட்ட இடத்துக்கும் அதை ஒட்டிய தீபகற்பத்துக்கும் கோரமண்டல் என்ற பெயர் நிலைத்தது. 1852-ல் நியூசிலாந்தின் முதல் பொன் கிடைத்ததாக முரசறைந்தது அங்கேதான்.

அந்த நாட்டில் மாவோரிப் போரில் பணியாற்றிவிட்டு பெங்களூர்க் கண்டோன்மெண்டில் வந்து ஓய்ந்தவர் மைக்கேல் லாவெல் என்ற ஐரிஷ் சிப்பாய். வாரன் எழுதிவைத்த குறிப்பைப் படித்தார். 1871-ல் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு சுமார் 100 கிலோமீட்டர் போய்க் கோலார்ப் பக்கத்துப் பழைய குழிகளைப் பார்த்தார். 1875-ல் உரிமம் வாங்கி அங்கே உரிகம் என்ற இடத்தில் தோண்டத் தொடங்கினார். கையில் முதலில்லை, இரண்டே ஆண்டில் விற்றுவிட்டு ஒதுங்கினார். பெங்களூரின் லாவெல் ரோடு அவர் பெயரில் இருப்பது. இந்தப் பக்கம் சிக்கனமாகச் சுற்றிப் பார்க்க வந்தவர்களில் முன்னோடி என்று அவரைச் சொல்லலாம், நோக்கம் சுற்றிப்பார்ப்பது அல்ல என்றாலும்.

நியூசிலாந்துக் கோரமண்டலுக்கு இன்று உலகெங்கிலுமிருந்து தோள்பைக்காரர்கள் வருகிறார்கள். அவர்களுக்கென்றே மலிவு விடுதிகளும் நடைபாதைகளும் உண்டு. நம் கோரமண்டலில் இறங்குகிறவருக்கு அப்படி ஏதும் இல்லை. தங்க வேண்டுமானால் ராபர்ட்சன்பேட்டைக்குப் போய் லாட்ஜ் பார்க்க வேண்டும். மூடிய ஷாஃப்டுகளின் பக்கம் தனியாகத் திரிய வேண்டாம். லைன் வீட்டுத் திண்ணைகளில் பேச்சுக்கு ஆள் கிடைப்பார்கள், எல்லாம் தமிழில்தான்.

ஸ்டேஷனுக்குச் சோழமண்டலம் என்று பெயர் மாற்ற வேண்டும் என்று யாராவது கிளம்பினால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். திரிந்து வந்த வழி அந்தத் திரிபில்தானே எழுதியிருக்கிறது. திரியாத பெயரைத் தேடுகிறவர் மறுநாள் காலை பஸ் பிடித்துச் சுமார் 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோலாருக்குப் போகலாம். கோலாரம்மன் கோயில் ஊருக்குள்ளேயே இருக்கிறது. சோழர் காலத்தில் அவளைப் பிடாரியார் என்றார்கள். சுவரில் இருப்பது தமிழ் எழுத்துதான். ஆனால் 11-ம் நூற்றாண்டுக் கையெழுத்து, வாசிக்கப் பொறுமை வேண்டும்.