டர்ஃப்பும் தர்ப்பையும்

ஆங்கிலத்து 'டர்ஃப்' என்ற வார்த்தையும் நம் வீட்டு விசேஷங்களில் வரும் தர்ப்பையும் சொந்தக்காரர்கள் என்றால் நம்புவீர்களா? சமஸ்கிருத 'தர்ப'வும் டர்ஃப்பும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்கிறார்கள் சொல்லாராய்ச்சிக்காரர்கள். காமர்ஸ் படித்துவிட்டு வங்கியில் வவுச்சர் பார்க்கிற எனக்கு இதில் என்ன வேலை? சொல்கிறேன்.

'லான்' பழைய பிரெஞ்சிலிருந்து வந்த வார்த்தை. காட்டுக்கு நடுவே மரமில்லாத வெட்டவெளி என்று அர்த்தம். பிற்பாடு இங்கிலாந்துப் பிரபுக்களின் மாளிகை முன்னால் ஒட்ட வெட்டிய புல்லுக்கு அந்தப் பெயர் நிலைத்தது. நிலத்தில் பயிர் போடாமல் சும்மா வைத்து, நீளப்பிடி அரிவாளால் புல்லைச் சீவ ஆட்களையும் வைக்க யாரால் முடியும்? ஆக, லான் என்பது அந்தஸ்தைக் காட்டும் செலவு. வரவே கிடையாது!

1830-ல் நிலைமை மாறியது. இங்கிலாந்தில் ஸ்ட்ரௌட் பக்கத்து எட்வின் பட்டிங், கம்பளித் துணியின் பிசிறைச் சீவும் உருளைக் கத்தியைப் பார்த்து, அதே முறையில் புல் வெட்டும் மெஷின் செய்து காப்புரிமை வாங்கினார். அதுதான் மோயர். 1832 முதல் ரான்சம்ஸ் கம்பெனி உரிமம் பெற்றுத் தயாரித்தது. பெரிய மெஷின்களைக் குதிரைகள் இழுத்தன. குளம்பு பதியாமலிருக்க அவற்றுக்குத் தோல் செருப்பு வேறு! நடுத்தரக் குடும்பங்களுக்கும் லான் எட்டியது இதற்குப் பிறகுதான்.

இந்தியாவுக்கு இது வெள்ளைக்காரனோடு வந்தது. மொகலாயர் தோட்டம் என்றால் வாய்க்கால், பழமரம், பூச்செடி. 1899 முதல் 1905 வரை வைசிராயாக இருந்த கர்சன், தாஜ்மகால் தோட்டத்தைச் சீரமைத்தபோது ஆங்கிலேய பாணிப் புல்வெளி அங்கே இடம்பிடித்தது. பிறகு புது டெல்லி பங்களாக்களும் அதே வழியில் போயின.

ஆனால் இங்கிலாந்துப் புல் நம் சமவெளி வெயிலுக்குத் தாங்குமா? கைகொடுத்தது 'தூப்'. அமெரிக்காவில் பெர்முடா புல் என்கிறார்கள். மராத்தியர் கணபதிக்குச் சாத்தும் தூர்வாவும் இதுவே. நாம் பிள்ளையாருக்கு வைக்கும் அருகம்புல்லேதான் ஐயா!

இப்போது என் வேலைக்கு வருகிறேன். புனேயில் எங்கள் குடியிருப்பின் பொருளாளர் நான். ஏப்ரல் மாதத்தில் புல்தரை போட ஒரு கொட்டேஷன் வந்தது. வரிக்கு வரி புரியாத வார்த்தை, எதிரே தொகை. உங்களிடமும் வரலாம், அர்த்தம் இதோ:

டர்ஃபிங்: வளர்ந்த புல்லை மண்ணோடு பாளமாகப் பெயர்த்து வந்து பதிப்பது. உடனே பச்சை தெரியும். செலவு அதிகம், வேர் பிடிக்கும்வரை தினமும் தண்ணீர் வேண்டும்.

டிப்ளிங்: வேரோடு கூடிய சின்னத் துண்டுகளை இடைவெளி விட்டு நடுவது. செலவு குறைவு, பொறுமை வேண்டும்.

டர்ஃப் பிளாஸ்டரிங்: நறுக்கிய புல்லை மண், சாணியோடு குழைத்துத் தரையில் பூசுவது.

தாட்ச்: புல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே சேரும் காய்ந்த தண்டு, வேர்ப் படலம். கனமானால் தண்ணீர் கீழே இறங்காது.

ஏரேஷன்: இறுகிய மண்ணில் துளை போட்டு, வேருக்குக் காற்றும் நீரும் போகச் செய்வது.

டாப் டிரெஸ்ஸிங்: சலித்த மண், மணல், மக்கிய எருவை மேலாகத் தூவுவது.

மோயிங்: வெட்டுவது. ஒரு தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது.

அர்த்தம் தெரிந்ததும் கணக்கு மாறிவிட்டது. குடிக்கிற தண்ணீரே லாரியில் வரும் கோடையில் டர்ஃபிங் எதற்கு? ஜூனில் மழை இறங்கியதும் அருகம்புல்லை டிப்ளிங் முறையில் நட்டால் போதும் என்று கமிட்டியில் சொன்னேன். "அதுவரை வெறும் மண்ணா? விருந்தாளிகள் என்ன நினைப்பார்கள்?" என்றார் ஒருவர். பிரபுக்களின் பழைய கவலை, இன்னும் உயிரோடு இருக்கிறது! கடைசியில் லாரித் தண்ணீர் பில்லைக் காட்டினேன், ஒத்துக்கொண்டார்கள்.

வெளியூரில் வீடு வாங்கிய நம்மவர்களுக்கு ஒன்று சொல்வேன். நிழல் விழும் இடத்தில் அருகு வராது, அங்கே செடி வையுங்கள். வெயில் படும் இடத்தில் அதைவிடக் கெட்டிக்காரப் புல் கிடையாது. 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி' என்று பெரியவர்கள் வாழ்த்துவது சும்மாவா? கணுவுக்குக் கணு வேர்விட்டு, போன மண்ணெல்லாம் தன் மண்ணாக்கிக்கொள்ளும் புல் அது.