படி 365, குழி 18

திருத்தணி மலைக்கு 365 படி, நாளுக்கு ஒன்று என்பாள் என் பாட்டி. டிசம்பர் 31 அன்று படிக்குப் படி பூசை வைத்துத் திருப்புகழ் பாடி ஏறுவார்கள். இந்தப் படிகளில் வளர்ந்த நான், பிழைப்புக்குக் கிண்டி குதிரைப் பந்தயத் திடலுக்குள் இருந்த கோல்ஃப் மைதானத்தில் கேடியாகப் பை சுமந்தேன்.

சமதரைதான், ஆனாலும் அலுக்காது. அடிக்கத் தொடங்கும் இடம் முதல் குழி வரையுள்ள தடத்தையும் குழி என்றே சொல்வோம். நீளமான குழிகளை அடுத்துக் குட்டையான ஒன்று வந்தால், படியேறுகிறவர் மூச்சு வாங்க உட்காருவது போலிருக்கும். அடுத்தது திசை திரும்பினால் கடற்காற்று முகத்தில் அடிக்கும், கணக்கே மாறும்.

கோல்ஃபில் ஒரு சுற்றுக்கு 18 குழி என்பது ஆதியிலிருந்து வந்ததல்ல. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் போகும்போது ஆடிய குழிகளையே திரும்பும்போதும் ஆடினார்கள், சுற்றுக்கு 22. 1764இல் தொடக்கத்து நான்கை இரண்டாக்கினார்கள், திரும்பும் வழியிலும் அப்படியே குறைந்து 18 ஆயிற்று.

என் மனசுக்குப் பிடித்தது அமெரிக்காவின் அகஸ்டா மைதானம். அங்கே 1934இல் நடந்த முதல் போட்டியில் இன்றைய கடைசி ஒன்பது குழிகளைத்தான் முதலில் ஆடினார்கள். அந்தப் பகுதியின் பள்ளத்து நிழலில் உறைபனி விலகத் தாமதமாகும் என்று அடுத்த ஆண்டே இரு பாதிகளையும் இடம் மாற்றினார்கள். அதனால் ஓடைக்கரைக் குழிகளான 11, 12, 13 பின்பாதிக்கு வந்தன. முன்னணியில் இருப்பவர் களைத்து, பதறி நிற்கும் நேரத்தில் தண்ணீர் குறுக்கிடுகிறது. குழிகள் அவையேதான். வரிசை மாறியதும் ஆட்டமே வேறாகிவிட்டது.