செங்குத்துக் கோட்டின் சமன்பாடு

ஆயத்தொலை வடிவியலில், ஒரு கோட்டுக்குச் செங்குத்தாக ஒரு புள்ளி வழியே செல்லும் கோட்டின் சமன்பாட்டைக் காண இரண்டு விதிகள் வழக்கில் உள்ளன. சாய்வுகளின் பெருக்கற்பலன் −1 என்பது ஒன்று. கெழுக்களை இடம் மாற்றி, ஒன்றின் குறியை மட்டும் திருப்புவது மற்றொன்று. செங்குத்தின் இலக்கணமே முதல் விதிதான் என்பதுபோல அது மனப்பாடமாகிவிட்டது. ஆனால் மூலவிதி இரண்டாவதுதான். முதலாவது அதிலிருந்து கிளைத்தது, எல்லாக் கோடுகளுக்கும் பொருந்தாதது.

செங்குத்து என்ற கருத்து எண்களோடு பிறக்கவில்லை. யூக்ளிட் தம் 'மூலங்கள்' நூலின் முதல் புத்தகத்தில், 10-ஆவது வரையறையிலேயே அதைச் சொல்லிவிடுகிறார்: ஒரு கோட்டின்மேல் இன்னொரு கோடு நிற்கும்போது இருபுறக் கோணங்களும் சமமானால் அவை செங்கோணங்கள். கோட்டின் மேலுள்ள புள்ளியிலிருந்து செங்குத்து எழுப்புவதை 11-ஆம் முன்மொழிவும், வெளிப்புள்ளியிலிருந்து இறக்குவதை 12-ஆம் முன்மொழிவும் கற்பிக்கின்றன. இரண்டிலும் வட்டமும் கோடும் உண்டு, அளவு இல்லை. முதற்படிச் சமன்பாடு நேர்கோட்டைக் குறிக்கும் என்று நிறுவிக் காட்டிய பெருமை பியர் டி ஃபெர்மாவுடையது. அதை நிறுவிய அவருடைய குறிப்பு அவர் இறந்தபின் 1679-இல்தான் அச்சேறியது. 1637-இல் நூல் வெளியிட்டுப் புகழை எடுத்துக்கொண்ட டெக்கார்ட், நேர்கோட்டில் நிற்காமல் வளைகோடுகளுக்குச் செங்கோடு வரையும் கணக்குக்குத் தாவினார். வடிவியலில் தாம் அறிந்தவற்றுள் மிகப் பயனுள்ளது அதுவே என்றும் எழுதினார். இருவருமே அச்சுகள் செங்கோணத்தில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. அச்சுகள் சாய்ந்தால் மேற்சொன்ன விதிகள் இரண்டுமே பொய்த்துவிடும். நேர்கோட்டுக்கெனத் தனி இயற்கணித இலக்கணம் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், மோங்கே, லக்ரோவா ஆகியோர் கையில்தான் உருப்பெற்றது என்பதில் வியப்பில்லை.

கிடைத்தொலைவைக் 'கி' என்றும் குத்துத்தொலைவைக் 'கு' என்றும் கொள்வோம். 3கி − 4கு = 0 என்னும் கோடு ஆதிப்புள்ளி வழியாகவும் (4, 3) வழியாகவும் செல்கிறது. கெழுக்களை மாற்றினால் கிடைக்கும் 4கி + 3கு = 0 என்ற கோட்டில் (−3, 4) இருக்கிறது. இரு புள்ளிகளும் ஆதியிலிருந்து 5 அலகு தள்ளி உள்ளன. அவற்றுக்கிடையே உள்ள தொலைவின் வர்க்கம் 49 + 1, அதாவது 50. அது 25 + 25-க்குச் சமம். பிதாகரஸ் தேற்றத்தின் மறுதலைப்படி ஆதியில் இருப்பது செங்கோணம். சாய்வு என்ற சொல்லே இங்கே தேவைப்படவில்லை. மாறிலி கோட்டை நகர்த்துமே தவிரத் திருப்பாது. இனி 3கி − 4கு + 7 = 0 என்ற கோட்டுக்கு (2, −3) வழியே செங்குத்து வேண்டுமானால், 4கி + 3கு + ம = 0 (ம ஒரு மாறிலி) என்று எழுதிப் புள்ளியைப் பிரதியிட்டால் போதும்: 8 − 9 + ம = 0, ஆகவே ம = 1. இரு கோடுகளும் (−1, 1)-இல் வெட்டிக்கொள்வதைச் சரிபார்க்கலாம்.

சாய்வு விதி தவறுவது அச்சுகளுக்கு இணையான கோடுகளில் மட்டும்தானே, அதற்காக அதைத் தாழ்த்தலாமா என்று கேட்கலாம். கி = 4 என்ற கோட்டுக்குச் சாய்வே வரையறுக்கப்படவில்லை; கு = 2 என்ற கோட்டுக்கோ சாய்வு 0. இவற்றைப் பெருக்கி −1 பெற வழியில்லை. ஆனால் செங்குத்து என்றதும் எவரும் முதலில் நினைப்பது இந்தச் சோடியைத்தான். அதையே விதிவிலக்கென்று ஒதுக்குவதை எப்படி இலக்கணம் என்பது? கெழு விதியில் கி = 4 என்ற கோட்டின் கெழுக்களான 1, 0 என்பவை 0, −1 ஆகின்றன; கு = மாறிலி என்ற கோடு தானாக வந்துவிடுகிறது. சாய்வு கோட்டின் ஏற்ற இறக்கத்தைக் கண்முன் நிறுத்துகிறது என்ற வாதம் நியாயமானது. படம் வரையத் தொடங்கும் மாணவருக்கு அது உதவும். நிறுவலுக்கு அது தேவையில்லை.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பாடநூலில் இரு விதிகளும் இடம்பெற்றுள்ளன. முப்பரிமாணத்திலும் கணினி வரைகலையிலும் கெழு விதியின் விரிவாக்கமான புள்ளிப் பெருக்கலே (ஒத்த கெழுக்களைப் பெருக்கிக் கூட்டுவது) பயன்படுகிறது.