கூரை போனால் என்ன?

மூட்டை மூட்டையாக மாவு, தானியம், வைக்கோல் எல்லாம் உங்கள் கோடவுனில் கிடக்கிறது. எதிரி நெருங்கிவிட்டான். நீங்கள் பின்வாங்கியாக வேண்டும். சரக்கை என்ன செய்வீர்கள்?

பிரெஞ்சு ராணுவம் கொளுத்திவிட்டுப் போனது. ஒரே ஒரு சங்கடம்... அந்த கோடவுன், ஒரு தேவாலயம்!

ஜெர்மனியில் இருக்கும் அந்த ஊருக்கு பாட் ஹெர்ஸ்ஃபெல்டு என்று பெயர். லுல்லுஸ் என்ற பேராயர் அங்கே 769-ல் ஒரு மடத்தை நிறுவினார். பிற்பாடு எழுந்த மடத்துக் கோயிலின் நீளம் மட்டும் நூறு மீட்டருக்கு மேல். ஏழாண்டுப் போரில் பிரெஞ்சுக்காரர்கள் அதைச் சரக்குக் கிடங்காக்கினார்கள். 1761 பிப்ரவரியில் தீ வைத்தார்கள். கூரை போனது, சுவர்களும் தூண்களும் மிஞ்சின.

இந்தப் போர் நமக்கும் அந்நியமில்லை. அதற்கு ஒரு மாதம் முன்புதான், 1761 ஜனவரியில், இதே போரில் பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. ஜெயித்தவர்கள் கோட்டையையும் ஊரையும் இடித்துத் தள்ளினார்கள். அங்கே கொளுத்தியவர்கள், இங்கே இழந்தவர்கள்! புதுச்சேரியை மறுபடி கட்டினார்கள். ஹெர்ஸ்ஃபெல்டு கோயிலை யாரும் கட்டவில்லை. நூற்றுத் தொண்ணூறு வருஷம் மழையிலும் பனியிலும் அப்படியே நின்றது.

1951. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஆறே வருஷம். நாடு இரண்டாகப் பிளந்து கிடக்க, பிரிவினைக் கோடும் அந்த ஊருக்கு ரொம்ப தூரத்தில் இல்லை. அந்தச் சமயத்தில் ஊர்க்காரர்கள் இடிபாட்டுக்குள் மேடை போட்டு நாடக விழா தொடங்கினார்கள். கோடை தோறும் நடக்கும் விழாவாக அது நிலைத்துவிட்டது.

மழை வந்தால்? 1968-ல் ஃப்ரை ஓட்டோ என்ற கட்டடக் கலைஞர் வழி சொன்னார். வேண்டும்போது விரித்து, வேண்டாதபோது சுருட்டிக்கொள்ளும் துணிக்கூரை! பழைய சுவர் மேல் பாரம் ஏற்றாமல், வெளியே நட்ட கம்பத்திலிருந்து கம்பிகளில் தொங்குகிறது. பின்னால் 1972 மியூனிக் ஒலிம்பிக் அரங்கக் கூரையிலும் இவர் கைவரிசை உண்டு.

பி.காம். படித்தபோது, எரிந்த சரக்கை நஷ்டக் கணக்கில் எழுதி மூடிவிடச் சொல்லிக்கொடுத்தார்கள். மாவு மூட்டைகளுக்கு அது சரி. ஆனால், கூரை இல்லாத கோயிலை எந்தக் கணக்கில் எழுதுவது? ஹெர்ஸ்ஃபெல்டுக்காரர்கள் அவசரப்பட்டு எழுதவில்லை. அதனால்தான் இன்றும் அங்கே டிக்கெட் கிழிக்கிறார்கள்!

உங்கள் ஊரில் கூரை இல்லாத பழைய கட்டடம் ஏதாவது உண்டா? புல்டோசர் வருவதற்குள் ஒருமுறை உள்ளே போய் நின்று பாருங்கள்.