வாக்களித்தார்களா, தெரிவித்தார்களா?
பினாங்கு வரலாற்றில் ஒரு வினைச்சொல்

பிறர் கூற்றை எடுத்தெழுதுவோர் கையாளும் வினைச்சொல் சிறியது. அதன் பொறுப்போ பெரிது. ‘கூறினார்’ என்று எழுதினால், ஒரு பேச்சு நிகழ்ந்தது என்பது மட்டுமே பெறப்படும். ‘வாக்களித்தார்’ என்றால், பேசியவர் தலைமேல் ஒரு கடமை ஏறிவிடுகிறது. ‘ஒப்புக்கொண்டார்’ என்றால், இரு தரப்பும் இசைந்ததாகப் பொருள்படும். ஆங்கிலத்திலும் இவ்வேறுபாடு உண்டு. ஆங்கிலக் கடிதங்களையும் அறிக்கைகளையும் பெரிதும் ஆதாரமாகக் கொண்டு எழுதப்பெற்ற பினாங்கு வரலாறே இதற்குத் தக்க சான்றாகும்.

தமிழர் கடாரம் என வழங்கிய கெடா நாட்டின் சுல்தான் அப்துல்லா முக்கர்ரம் ஷா, சயாமின் வலிமைக்கு அஞ்சியிருந்தார். 1785-இல், பிரான்சிஸ் லைட் என்னும் ஆங்கில வணிகர் வாயிலாகப் பினாங்குத் தீவைக் கிழக்கிந்தியக் கும்பெனியாருக்கு அளிக்க அவர் முன்வந்தார். ஆனால் வெறுங்கையால் அளிக்கவில்லை. வணிக இழப்புக்கு ஈடாக ஆண்டுக்கு 30,000 ஸ்பானிய வெள்ளி வேண்டுமென்றார். தரை வழியே பகைவர் வந்தால் படையும் ஆயுதமும் தந்துதவ வேண்டுமென்றும் நிபந்தனை விதித்தார்.

கல்கத்தாவிலிருந்து தற்காலிகக் கவர்னர் ஜெனரல் மக்பர்சன் அரசு அளித்த விடை நுணுகி நோக்கத்தக்கது. தீவையும் கெடாக் கரையையும் காக்க ஒரு போர்க்கப்பலை நிறுத்துவதாக அது இசைந்தது. படையுதவி பற்றிய நிபந்தனையைக் கும்பெனி மேலிடத்தின் உத்தரவுக்கு அனுப்புவதாக மட்டுமே தெரிவித்தது. ‘தருவோம்’ என்று சொல்லவில்லை. ‘தரமாட்டோம்’ என்றும் சொல்லவில்லை. அந்த உத்தரவு வருமுன்னரே, 1786 ஆகஸ்டு 11-ஆம் நாள், லைட் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார்.

கெடாவைக் காக்க வேண்டுமென லைட் பின்னர்ப் பரிந்துரைத்தும், காரன்வாலிஸ் அரசு இசையவில்லை. 1791-இல் சுல்தான் தீவை மீட்கப் பிறைக்கரையில் படை திரட்டினார். லைட் முந்திக்கொண்டு தாக்கி வென்றார். அவ்வாண்டு உடன்படிக்கையில் 6,000 வெள்ளி ஆண்டுத் தொகை கிட்டியதேயன்றிப் படையுதவி உறுதி கிட்டவில்லை. 1821-இல் சயாம் கெடாவைக் கைப்பற்றியது. அப்போதைய சுல்தான் அகமது தாஜுதீன் பினாங்கில் அடைக்கலம் புகுந்தார். கும்பெனி அவருக்காகப் படை அனுப்பவில்லை. அவர் மீண்டும் கெடாவின் அரியணை ஏறியது 1842-இல்தான்.

இதனால் எழுந்த வழக்கு நெடியது. பினாங்கில் கும்பெனி அலுவலராயிருந்த ஜான் ஆண்டர்சன், 1824-இல் சுல்தானுக்காக வாதாடினார். பிராங்க் சுவெட்டன்ஹாம் 1906-இல் கும்பெனியைக் கடிந்தெழுதினார். 1971-இல் வெளிவந்த பான்னியின் கெடா வரலாறு, லைட்டின் நடத்தையையே ஆராய்ந்து குறை கண்டது.

‘கும்பெனி வாக்களித்தது’ என எழுதுவோர் ஆவணத்தை மிஞ்சுகின்றனர். ‘சுல்தான் தீவைக் கொடுத்தார்’ என்று மட்டும் எழுதுவோர் அவருடைய நிபந்தனையை மறைக்கின்றனர். முன்னது இல்லாத கடமையைப் படைக்கிறது. பின்னது இருந்த உரிமையை அழிக்கிறது. சுல்தான் நிபந்தனை விதித்தார், கல்கத்தா மேலிடத்துக்கு அனுப்புவதாகத் தெரிவித்தது, லைட் பரிந்துரைத்தார். இவையே ஆவணத்துக்குப் பொருந்தும் சொற்கள்.

இவ்வாறு எழுதுவதால் கும்பெனி குற்றமற்றதாகிவிடாது. விலை பேசி முடியுமுன் பொருளை எடுத்துக்கொண்டதே அதன் குற்றம் என்பது, சரியான வினைச்சொற்களை இட்ட பின்னரே தெளிவாகப் புலப்படுகிறது.