இராவுத்தர் (பெயர்)

இராவுத்தர் என்பது தமிழ் முசுலிம்களில் ஒரு பிரிவினரைக் குறிக்கும் பெயரும், அவர்களில் பலர் தம் பெயரின் இறுதியில் சேர்த்து வழங்கும் பட்டமும் ஆகும். கோயம்புத்தூரில் உக்கடம், கோட்டைமேடு ஆகிய பகுதிகளில் இப்பிரிவினர் வாழ்கின்றனர்.

பெயர்க்காரணம்

இச்சொல்லுக்குக் குதிரைவீரர் என்பது பொருள். அரசனின் மகன் எனப் பொருள்படும் 'ராசபுத்திர' என்னும் வடசொல்லின் திரிபாக இது கருதப்படுகிறது. கன்னடத்தில் 'ராவுத', தெலுங்கில் 'ரௌத்து' ஆகிய சொற்களும் குதிரைவீரரையே குறிக்கும். மராட்டியரின் 'ராவுத்' என்னும் குடும்பப் பெயரும் இவற்றுடன் தொடர்புடையது.

எனவே இப்பெயர் தொடக்கத்தில் சமயத்தை அன்றித் தொழிலையே சுட்டியது. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணகிரிநாதர், மயிலேறி வரும் முருகனைக் கந்தரலங்காரத்தில் 'இராவுத்தன்' என விளிக்கிறார். திரௌபதி அம்மன் கோயில்கள் பலவற்றில் முத்தால இராவுத்தர் காவல் தெய்வமாக வணங்கப்படுகிறார்.

பரவல்

மரக்காயர் கடற்கரை ஊர்களில் மிகுதியாக வாழ, இராவுத்தர் பெரும்பாலும் உள்நாட்டு ஊர்களில் வாழ்கின்றனர். கொங்கு நாட்டுக்கு மேற்கே, கணவாயைக் கடந்து, பாலக்காட்டிலும் இவர்கள் குடியேறியுள்ளனர்; அங்கும் பலரது வீட்டுமொழி தமிழே. மலேசியா, சிங்கப்பூர் நாடுகளுக்கும் இப்பெயர் சென்றது.

பட்டத்திலிருந்து தோன்றிய பெயராதலால், இருவர் இதனைக் கொண்டிருப்பது மட்டுமே அவர்கள் ஒரே குடும்பத்தினர் என்பதற்குச் சான்றாகாது.