விவரணத் திரைப்படமும் வரலாற்றுச் சான்றும்: சத்யஜித் ரேயின் ஐந்து படங்கள்

கல்வெட்டையும் செப்பேட்டையும் சான்றாகக் கொள்ளும் வரலாற்றாசிரியன், அவற்றைப் பொறிப்பித்தவன் யார், எந்நோக்கங் கருதிப் பொறிப்பித்தான் என்னும் வினாக்களையே முதலில் எழுப்புகின்றான். மெய்க்கீர்த்தி கூறும் வெற்றிகள் யாவும் நிகழ்ந்தவையென எவருங் கொள்வதில்லை. ஆயின், விவரணத் திரைப்படத்தின் முன் அமரும்போது இவ்வினாக்கள் பெரும்பாலும் மறக்கப்பட்டுவிடுகின்றன. கண்ணாற் கண்டது மெய் என்னும் நம்பிக்கையே அதற்குக் காரணமாகும். இந்நம்பிக்கை எத்துணை பொருந்தும் என்பதை ஆராய்வதற்குச் சத்யஜித் ரே (1921–1992) 1961 முதல் 1987 வரை எடுத்த ஐந்து விவரணப் படங்கள் தக்க களமாக அமைகின்றன.

முதற்படம் ரவீந்திரநாத் தாகூர் பற்றியது. கவிஞரின் நூற்றாண்டையொட்டி, இந்திய அரசின் திரைப்படப் பிரிவுக்காக 1961இல் எடுக்கப்பட்ட இப்படம் 54 நிமிடங்கள் ஓடுவது. 1941இல் நிகழ்ந்த கவிஞரின் இறுதி ஊர்வலத்துடன் அது தொடங்குகின்றது. கவிஞர் பிறந்த 1861இல் சலனப்படமே தோன்றியிருக்கவில்லை. ஆதலின் அவருடைய இளமைக்காலத்தைக் காட்டப் புகைப்படங்களும் ஆவணங்களும் பயன்பட்டன. சில நிகழ்ச்சிகள் நடிகரைக்கொண்டு மீள அமைக்கப்பட்டன. ஊர்வலக் காட்சி அன்றே பதிவானது. சிறுவனாகத் தோன்றுபவனோ நடிகன். இரண்டும் ஒரே திரையில் அடுத்தடுத்து வருவதால் பார்வையாளர் இரண்டையும் ஒரே தரத்தனவாகக் கொள்ளக்கூடும். மூலப்பாடத்தையும் உரையாசிரியன் கூற்றையும் பிரித்தறியும் பயிற்சி இங்கும் வேண்டப்படுவதாகும்.

1972இல் வெளிவந்த 'அகக்கண்' எனப் பொருள்படும் தலைப்பையுடைய படம் இதனின்றும் வேறுபட்டது. சாந்திநிகேதனில் ரேயின் ஆசிரியராயிருந்த ஓவியர் வினோத் பிகாரி முகர்ஜியே இதன் நாயகர். பிறவியிலேயே பார்வைக் குறைபாடுடைய இவர், 1950களின் பிற்பகுதியில் கண் சத்திரசிகிச்சையொன்றின் பின்னர் பார்வையை முற்றாக இழந்தார். எனினும் வரைதலையும் உருவமமைத்தலையும் கைவிடவில்லை. பார்வையற்ற கலைஞர் ஓடுகளாலான சுவரோவியமொன்றை உருவாக்குவதைப் படம் நேரிற் காட்டுகின்றது. ஒரு நூல் இச்செய்தியைக் கூறலாம். தடவித் தேர்ந்து இடம் காணும் விரல்களின் இயக்கத்தை அதனாற் காட்டவியலாது. விவரணப் படம் ஏனைய சான்றுகளை விஞ்சும் இடம் இதுவே எனலாம்.

'பாலா' (1976) தமிழர் கவனத்துக்குச் சிறப்பாக உரியது. வீணை தனம்மாளின் பேர்த்தியான த. பாலசரஸ்வதி (1918–1984), ஏழாம் வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர். 1935இல் கல்கத்தாவில் அவருடைய ஆடலைச் சிறுவனாயிருந்த ரே கண்டிருந்தார். ஆயினும் கமெராவின் முன் பாலசரஸ்வதி ஆடியபோது அவருக்கு ஏறத்தாழ 58 வயது. எனவே இப்படம் முதிர்ந்த கலைஞரின் ஆடலுக்கே சான்றாகும். தாயாரின் பாட்டுக்கு ஆடிய இளம் பாலசரஸ்வதியை இதிற் காணவியலாது.

இப்படத்தைப் பம்பாயின் தேசிய அரங்கக் கலை நிலையமும் தமிழ்நாட்டு அரசும் இணைந்து தயாரித்தன. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை 1947இல் சட்டத்தால் ஒழித்தது சென்னை மாகாண அரசு. பெண்களை இழிநிலையினின்றும் மீட்பது அச்சட்டத்தின் நோக்கம். எனினும் பரம்பரையாகச் சதிர் ஆடிவந்த குடும்பங்கள் அக்காலத்தில் தம் மேடைகளையும் இழந்தன. அவ்வரசின் வழிவந்த அரசே, அம்மரபின் பெருங்கலைஞர் ஒருவரைப் பதிவுசெய்யப் பிற்காலத்திற் பொருளுதவியது. படத்தின் தயாரிப்பாளர் பெயரே இங்கு வரலாற்றுச் சான்றாகிவிடுகின்றது.

பொருளளிப்போனுக்கும் படத்துக்குமுள்ள உறவைச் 'சிக்கிம்' (1971) மிகத் தெளிவாகப் புலப்படுத்தும். சிக்கிம் மன்னரின் வேண்டுகோளின்பேரில் ரே இப்படத்தை எடுத்தார். விருந்தின் எஞ்சிய உணவுக்காக ஏழைகள் முண்டியடிக்கும் காட்சி அரண்மனையின் விருப்பத்துக்கு மாறாயிருந்தது. அது நீக்கப்பட நேர்ந்தது. 1975இல் சிக்கிம் இந்தியாவுடன் இணைக்கப்பட்டபின், தனியரசு ஒன்றைக் காட்டிய இப்படத்தை இந்திய அரசு தடைசெய்தது. 2010இலேயே அத்தடை நீங்கியது. முடியாட்சிக்கு ஒரு காட்சி பொறுக்கவில்லை. குடியாட்சிக்கோ முழுப்படமும் பொறுக்கவில்லை. ஆட்சி மாறியபோதும் படச்சுருளின்மீதிருந்த அச்சம் மாறவில்லை.

இறுதிப்படமான 'சுகுமார் ரே' (1987), ரேயின் தந்தையாரும் வங்கத்தின் குழந்தை இலக்கிய முன்னோடியுமான எழுத்தாளரைப் பற்றியது. தந்தை 1923இல் மறைந்தபோது ரேக்கு இரண்டு வயதே நிரம்பியிருந்தது. நினைவில் இல்லாத தந்தையை, அவர் விட்டுச்சென்ற எழுத்துகளையும் சித்திரங்களையுங்கொண்டே மகன் மீட்டெடுக்க வேண்டியிருந்தது. அன்பு மிகுந்தவிடத்தும் சான்றின் எல்லையைக் கடக்கவியலாதென்பதை இது உணர்த்தும்.

ஆகவே விவரணத் திரைப்படம் மெய்யா பொய்யா என வினவுவது முழுப்பயன் தராது. எது அன்றே பதிவானது, எது பின்னர் அமைக்கப்பட்டது, யார் பொருளளித்தார், எது நீக்கப்பட்டது என்பனவே கேட்கத்தக்க வினாக்கள். மெய்க்கீர்த்தியை வாசிக்கக் கற்ற கண், திரையையும் அவ்வாறே வாசிக்கப் பழகுதல் வேண்டும். அங்ஙனம் வாசிக்கும்போது, வெட்டியெறியப்பட்ட காட்சியும் வரலாறு பேசும்.